வெயிலைப் பிடித்து வைப்பது எப்படி?

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவர் ஞாபகம் வருவார். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட ஜமீன்தார். எனக்கு அந்த ஊர் என்றால் அத்தையும் வெயிலும்தான். மழை ஏமாற்றினாலும் வெயில் ஏமாற்றாது. பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட்டுக்கு சோலார் பேனல் பரப்பினார்கள் என்றால் சும்மாவா?

அத்தைக்கு நுரையீரலில் கோளாறு. வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். கரண்ட்டில் ஓடுவது, 350 வாட் இழுக்கும். அத்தான் யோசித்து, மத்திய அரசு மானியம் 78 ஆயிரம் ரூபாய் வாங்கி, மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டார். "இனிமே கரண்ட் போனா நமக்கென்ன மாப்ள?" என்றார் என்னிடம். நானும் தலையாட்டினேன்.

அடுத்த மாதப் பராமரிப்பு நாள். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாடியில் கண்ணைக் கூச வைக்கும் வெயில். ஆனால் சோலார் மெஷினும் சேர்ந்து படுத்துவிட்டது! மூன்று வருஷத்துப் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டுச் சிவப்பு விளக்கு காட்டியது. அவசர சிலிண்டரில் முள் பாதிக்குக் கீழே. பேனல் மாட்டியவருக்குப் போன் போட்டால், "அது அப்படித்தான் சார்" என்கிறார் கூலாக. அத்தையை ஆட்டோவில் ஏற்றி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கியது.

அவர் சொன்னது பொய்யில்லை. முதலிலேயே சொல்லாததுதான் தப்பு. மின்வாரிய லைனோடு இணைந்த சாதா சோலார், லைனில் கரண்ட் இல்லை என்றால் தானாக நின்றுவிட வேண்டும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நம் வீட்டு பேனல் போஸ்ட்டுக்குக் கரண்ட் அனுப்பிக்கொண்டே இருந்தால், லைன் ஆஃப் என்று நம்பி மேலே ஏறிய லைன்மேன் என்ன ஆவார்? யோசித்துப் பாருங்கள்.

ஆக, பேனல் சம்பாதிக்கும், சேர்த்து வைக்காது. ஐப்பசியில் பெய்ததைக் கண்மாயில் தேக்கி தையில் கதிர் அறுக்கிற ஊர்க்காரர்களான எங்களுக்கே இது உறைக்கவில்லை பாருங்கள்!

பிறகுதான் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்தோம். நம் வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி புதிதாக இருந்தாலே அதில் நிற்பது 1.8 யூனிட். ஈய பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும். பாதிதான் எடுக்கலாம். அத்தை மெஷினுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். பராமரிப்போ சாயங்காலம் வரை!

முடிவில் ஹைபிரிட் இன்வெர்ட்டரும், 5 யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரியும் வாங்கினோம். கரண்ட் போனால் ஹைபிரிட், வீட்டை லைனிலிருந்து துண்டித்துவிட்டு உள்ளுக்குள் ஓட்டும். வெயில் இருந்தால் பேட்டரியும் ஏறிக்கொண்டே இருக்கும். ராத்திரியில் போனாலும் அத்தை மெஷின் சுமார் பத்து மணி நேரம் ஓடும். செலவு லட்சத்தைத் தாண்டியது. மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது.

"அப்படியே கீசரையும் இதுல போட்டுருவோமா?" என்றார் அத்தான். கூடவே கூடாது என்றேன். 100 லிட்டர் தண்ணீரை 17 டிகிரி சூடேற்ற கீசருக்கு 2 யூனிட் வேண்டும். அத்தையின் ஆறு மணி நேர மூச்சு ஒரு குளியலில் போய்விடும். வெந்நீருக்கு ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஏ.சி. வெளியே துப்புகிற அனலைப் பார்த்திருப்பீர்கள். அதையே திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரில் ஏற்றும். அதே வேலைக்கு முக்கால் யூனிட் போதும். எங்கள் ஊர்க் காற்றில் சூட்டுக்கா பஞ்சம்? உச்சி வெயிலில் பேனல் கரண்ட்டிலேயே ஓட்டி டேங்க்கில் வைத்தால், மறுநாள் காலையும் சூடு இருக்கும். அதுவும் ஒரு பேட்டரிதான். ஆனால் விலையைக் கேட்டுவிட்டு இப்போதைக்கு விறகடுப்பே போதும் என்றிருக்கிறார் அத்தான்.

நீங்களும் சோலார் போடப் போகிறீர்களா? மானியம் எவ்வளவு, பில் எவ்வளவு குறையும் என்றெல்லாம் கேளுங்கள். கூடவே, "கரண்ட் போனால் ஓடுமா? எது ஓடும்? எத்தனை மணி நேரம்?" என்று கேட்டு, பதிலை எழுதியும் வாங்குங்கள்.

போன மாதப் பராமரிப்பு நாளில் நான் அங்கேதான் இருந்தேன். பதினோரு மணி வாக்கில் அத்தை கேட்டது: "ஏய்யா, இன்னைக்குக் கரண்ட் போகும்னாகளே, எப்ப போகும்?"

"போயி ரெண்டு மணி நேரமாச்சு அத்தை."

சிலிண்டரையும் நிரப்பித்தான் வைத்திருக்கிறோம். பேட்டரியும் மெஷின்தானே!