ஐந்து வரி

போன மாதம் ஒரு நாள் மாலை ஆறு மணி இருக்கும். வாசல் திண்ணையில் உட்கார்ந்து அன்றைய பேப்பரை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை? தெருக்கோடியில் தையல் மிஷின் வைத்திருக்கும் பெண் வந்து நின்றாள். கையில் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம்.

"சார், வர்ற வெள்ளிக்கிழமை எங்க பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம். கமிட்டிக்கு ஆள் எடுக்கறாங்க. நான் தலைவர் பதவிக்கு நிக்கலாம்னு இருக்கேன். என்னென்ன செய்வேன்னு சொல்லணுமாம். நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

அவள் மகன் எங்கள் பகுதி அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரசாங்கத்தில் 39 வருஷம் டிராஃப்ட் எழுதியவன் நான். ஓய்வுபெற்று இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் ஒரு டிராஃப்ட் கேட்டதில்லை. "உட்காரும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன்.

என் வாசகர்களில் பலருக்கு இந்தக் கமிட்டி பற்றித் தெரியாமல் இருக்கலாம். நம் பிள்ளைகள் படித்த காலத்தில் இது கிடையாது. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆசிரியர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் மீதி. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, இவைதான் அதன் வேலை.

இதில் உள்ளாட்சிப் பிரதிநிதி என்ற இடத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு ஐந்து நகராட்சியிலும் பத்து கொம்யூனிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. பிரெஞ்சுக்காரன் 1880-லேயே இங்கே கொம்யூன் அமைத்து மேர் தேர்தல் நடத்தினான். அவன் நாட்டில் இன்றும் தொடக்கப் பள்ளிக் கட்டடம், பழுதுபார்ப்பு எல்லாம் கொம்யூன் பொறுப்பு. ஓட்டை ஒழுகினால் ஊர்க்காரன் நேரே மேரிக்குப் போய் மேரிடம் கேட்பான். இங்கே நாம் யாரிடம் கேட்பது? அதனால்தான் சொல்கிறேன், பள்ளிக்கூட விஷயத்தில் சாதாரண மனிதர் ஒருவர் நின்று நாலு பேர் கை தூக்கித் தேர்ந்தெடுக்கும் இடம் இன்று நம் ஊரில் இந்தக் குழு ஒன்றுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். அரை மணியில் பத்து அம்சத் திட்டம் ஒன்றை எழுதி முடித்தேன். ஸ்மார்ட் வகுப்பறை, கம்ப்யூட்டர் லேப், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, யோகா, கராத்தே, சுற்றுச்சுவரில் திருக்குறள், ஆண்டு விழா, அப்புறம் "உலகத் தரம்" என்று எங்கோ ஒரு இடத்தில். படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எம்.எல்.ஏ. பேசற மாதிரி இருக்கு. எனக்கு அஞ்சுதான் தெரியும்."

நோட்டைப் பிரித்தாள். பென்சிலில் ஐந்து வரி. அப்படியே தருகிறேன்.

1. பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள், தண்ணி, தினம் கழுவ ஆள்.
2. மூணாவது படிக்கிற புள்ள அரைப் பக்கம் தமிழ் நிறுத்தாம படிக்கணும்.
3. டீச்சர் வராத நாள் ரெண்டு வகுப்பை ஒண்ணா உக்கார வைக்கக் கூடாது.
4. கூட்டம் காலையில வைக்கக் கூடாது.
5. வந்த பணம் போன பணம் போர்டுல எழுதணும்.

நாலாவது எதற்கு என்று கேட்டேன். "காலையில பதினோரு மணிக்குக் கூட்டம்னா சித்தாள் வேலைக்குப் போறவங்க எப்படி சார் வருவாங்க? ஒரு நாள் கூலி போயிடும். வர்றது நாலு பேரு. அப்புறம் பெத்தவங்களுக்கு அக்கறையில்லைன்னு டீச்சருங்க சொல்றாங்க. இந்த வாட்டிதான் சண்டை போட்டு சாயந்தரம் வைக்க வச்சிருக்கோம்." நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனை கூட்ட அறிவிப்பு டைப் அடித்திருப்பேன்! எல்லாம் காலை பதினோரு மணிதான். அந்த நேரம் யாருக்கு வசதி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மூன்றாவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் காலியாக விடக் கூடாது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர மற்ற வெளி வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. "இதெல்லாம் சட்டத்துல இருக்கா சார்?" என்று கண்ணை விரித்தாள். இருக்கிறது, கேட்பதற்கு ஆள்தான் வேண்டும் என்றேன்.

இரண்டாவது வரியில்தான் எங்களுக்குள் கொஞ்சம் பேச்சு வளர்ந்தது. நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அவள் மகன் படிப்பது ஆங்கில வழி. பிறகு ஏன் தமிழ் என்று கேட்டேன். உண்மையில் அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கத்தான் கேட்டேன்.

"வீட்டுல நான் சரிபார்க்க முடியறது தமிழ்தான் சார். இங்கிலீஷ்ல அவன் என்ன படிச்சாலும் எனக்குச் சரியா தப்பான்னு தெரியாது. தமிழ்ல தட்டுத் தடுமாறினா தெரிஞ்சுடும்."

இதைக் கேட்டதும் என் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்தது. 1957-ல் என்னைப் பள்ளியில் சேர்த்தபோது இந்தியக் கொடி ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அப்பா என்னைப் பிரெஞ்சு வழியில்தான் போட்டார். செர்த்திபிகா, ப்ரவே வரை அப்படியே. முசியே திக்தே கொடுப்பார். ஒரு பிழைக்கு ஒரு புள்ளி போகும். சேன், லுவார், ரோன், கரோன் என்று பிரான்சின் ஆறுகளை மனப்பாடமாக ஒப்பிப்பேன். வில்லியனூர் தாத்தா வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்துக்கடியில் ஓடியது சங்கராபரணி என்று எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் என் நோட்டைப் பார்க்க ஆளில்லை. அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எழுத்து அழகா இருக்குப்பா" என்பாள்.

என்னைக் காப்பாற்றியது வாரத்தில் சில மணி நேரம் வந்த தமிழ் வாத்தியார். அவர் எங்களைச் சத்தமாகப் படிக்க வைத்தார். படித்தது புரியும் என்ற விஷயமே எனக்கு அவர் வகுப்பில்தான் தெரிந்தது. அதன் பிறகு பிரெஞ்சும் புரிய ஆரம்பித்தது. 1972-ல் எல்.டி.சி. ஆகச் சேர்ந்தபோது ஆபீஸ் நோட்டு முழுக்க ஆங்கிலம். இருபத்தொரு வயதில் இலக்கணப் புத்தகம் வாங்கி அ, ஆ-விலிருந்து படித்தேன். ஒரு மொழியில் உருப்படியாகப் படிக்கத் தெரிந்திருந்ததால் இன்னொன்று முடிந்தது. எதுவுமே சரியாகப் படிக்க வராதவனுக்கு எந்த மீடியமும் ஒன்றுதான். அதனால் இரண்டாவது வரியை மாற்றாமல் விட்டேன். மூன்றாம் வகுப்புக்குள் பிள்ளை புரிந்து படிக்க வேண்டும் என்று மத்திய அரசே 2021-ல் 'நிபுண் பாரத்' என்று திட்டம் போட்டிருக்கிறது. தையல் மிஷின் பெண்ணுக்கு அது தெரியாது. தெரியாமலே அதே இடத்துக்கு வந்திருக்கிறாள்.

கடைசியாக முதல் வரிக்கு வந்தோம். கழிப்பறையை முதலில் வைப்பது நன்றாக இருக்காது, படிப்பு சம்பந்தமானது முதலில் வரட்டும் என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இல்ல சார். அதுதான் மொதல்ல. நாங்க படிக்கும்போது காலையில வீட்டுல தண்ணி குடிக்க மாட்டோம். சாயந்தரம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருப்போம். டீச்சர் சொல்றது எங்க காதுல விழும்? எட்டாவதோட நின்னுட்டேன். படிப்பு வராம நிக்கல."

எந்தப் பள்ளி, எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

1996-97 நிதியாண்டு. நான் யு.டி.சி. பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டும் கோப்பு ஒன்று பிப்ரவரி நடுவில் என் மேசைக்கு வந்தது. எஸ்டிமேட் இருந்தது, இட வரைபடம் இல்லை. டெலிபோனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே ஒரு பியூன் சைக்கிளில் கொண்டு வந்து கொடுத்திருப்பார். நான் என்ன செய்தேன்? "வரைபடம் இணைக்கப்படவில்லை. திருப்பி அனுப்பலாம்" என்று குறிப்பு எழுதி மேலே வைத்தேன். சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போட்டார். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கறீங்கய்யா" என்று பாராட்டவும் செய்தார். கோப்பு திரும்பி வந்தபோது ஏப்ரல். மார்ச் 31-ஓடு பணம் போய்விட்டது. அடுத்த வருஷம் அந்தத் தலைப்பில் ஒதுக்கீடே இல்லை. எனக்கு அன்று ஒரு உறுத்தலும் இல்லை. விதிப்படி நான் செய்தது சரி. என் பையன் தனியார் பள்ளியில் படித்தான். அங்கே கழிப்பறை இருந்தது.

அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கி, அவள் எழுதிய ஐந்து வரியையும் அதே வரிசையில், எழுத்துப் பிழை மட்டும் திருத்தி வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். என் பத்து அம்சத்தைக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். எனக்கு ஓட்டுக் கிடையாது, வேப்ப மரத்தடியில் நின்றேன். சாயங்காலக் கூட்டம் என்பதால் நல்ல கும்பல். வேலை முடிந்து சிமெண்டுத் தூசியோடு வந்தவர்களும் இருந்தார்கள். உறுப்பினராக அவளை எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். தலைவர் பதவிக்குக் கை தூக்கியபோது இரண்டு கை குறைந்து தோற்றாள். இன்னொரு பெண், நன்றாகப் பேசக்கூடியவர், தலைவர் ஆனார்.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் கூட்டம் முடிந்ததும் அந்தப் புதுத் தலைவரே இவளிடம் வந்து, "அந்தத் தாளைக் குடு, அதையே முதல் தீர்மானமா எழுதிடலாம்" என்றார். தலைமை ஆசிரியையும் மறுக்கவில்லை. அவருக்கும் அந்தக் கஷ்டங்கள் தெரிந்தவைதானே. ஐந்தும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறின. அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை என்று முடிவானது. ஒரு தகப்பனார் வெல்டிங் பட்டறைக்காரர். மறுநாளே வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார், கூலி வாங்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் துப்புரவு ஆளுக்கும் மேலிடத்துக்கு எழுத வேண்டும். ஆசிரியர் காலியிடத்துக்கும் எழுத வேண்டும். அவை சுலபமாக நடக்கும் என்று நான் நம்பவில்லை. நானே அந்த மேசையில் உட்கார்ந்தவன்.

தோற்றுவிட்டாயே என்று அவளிடம் கேட்டேன். "அஞ்சும் எழுதிட்டாங்களே சார்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என் போல் பென்ஷன் வாங்குகிறவர்கள். சிலர் ஆசிரியராக இருந்தவர்கள். பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு மணி நேரம் நாலு பிள்ளைகள் சத்தமாகப் படிப்பதைக் கேளுங்கள். நான் புதன்கிழமை போகிறேன். அவள் மகன் போன வாரம் எட்டு வரி நிறுத்தாமல் படித்தான். ஒன்பதாவது வரியில் 'ழ' வந்து மாட்டிக்கொண்டான். எனக்குப் பரிதாபமாக இருந்தது. பிரெஞ்சு 'ர' எனக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று.

குழுவின் கடிதங்களை இப்போது நான்தான் எழுதித் தருகிறேன். நேற்றுத் தண்ணீர்க் குழாய்க்கான கடிதத்தை முடித்தேன். இணைப்பு: எஸ்டிமேட் ஒன்று, இட வரைபடம் ஒன்று, தீர்மான நகல் ஒன்று. மூன்று முறை சரிபார்த்துவிட்டு உறையை ஒட்டினேன்.