நின்றால் நடுங்கும் வண்டி

ஜெர்மனியில் கொலோன் நகரில் வாழும் எங்களிடம் 1974-ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் வேன் ஒன்று உண்டு. படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த 1600 சி.சி. வண்டி. 2019-ஆம் ஆண்டுக் கோடையில், பிள்ளைகளுடன் பிரென்னர் கணவாயைக் கடந்து இத்தாலிக்குச் செல்ல எண்ணியிருந்தோம். புறப்படப் பத்து நாள்களே இருக்கையில் கோளாறு தோன்றியது. சாலையில் நன்றாக ஓடும் வண்டி, சிவப்பு விளக்கில் நின்றதும் குளிர்காய்ச்சல் கண்டவர்போல் நடுங்கும். சில வேளை அணைந்தும் போகும்.

குற்றவாளி கார்புரேட்டரே என்று தீர்ப்பளித்துவிட்டோம். காரணம் கேட்டால் சொல்வதற்கில்லை. திருகுவதற்கு வாகாக அதில்தான் திருகாணி இருந்தது! மாலைதோறும் திருகினோம். பின்னர் புதிய கார்புரேட்டரே வாங்கிப் பொருத்தினோம். பயணத்துக்கென ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி கரைந்தது, நடுக்கம் தீரவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது.

"அப்பா, ஓடும்போது இல்லாத நடுக்கம் நின்றால் மட்டும் ஏன் வருகிறது?" என்று மூத்த மகன் கேட்டான். நாங்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மறுநாள் முறைப்படி தொடங்கினோம். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டராகவும், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டராகவும் வைத்தோம். பின்பு எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடியுள்ள இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். வலப்பக்கத்து வயர்களைக் கழற்றியபோது ஓட்டம் தளர்ந்தது. இடப்பக்கத்து 3, 4-ஆம் சிலிண்டர்களின் வயர்களைக் கழற்றியபோதோ மாற்றமே தெரியவில்லை.

அந்த இரண்டுக்கும் பொதுவானது, கலவையைக் கொண்டு செல்லும் குழாயின் ரப்பர் இணைப்பு. அதன்மீது சிறிது நீரைத் தூவினோம். நடுக்கம் கணநேரம் அடங்கியது. அடிப்புறத்தில், கண்ணுக்கு எளிதில் தென்படாத வெடிப்பு! ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது குழாயினுள் உறிஞ்சும் வேகம் மிகுதி. ஆகவே வெடிப்பின் வழியே வெளிக்காற்று புகுந்து பெட்ரோல் கலவையை நீர்த்துப்போகச் செய்கிறது. மிதித்தால் உறிஞ்சல் குறைகிறது, குறையும் மறைகிறது. அந்த நிலையில் 1,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த கணவாயில் ஏறியிருந்தால், நீர்த்த கலவையின் சூட்டில் வால்வு கருகியிருக்கவும் கூடும். நடுவழியில் குழந்தைகளோடு நின்றிருப்போம்.

புதிய ரப்பரின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுதான். குறித்த நாளில் புறப்பட்டோம். பழைய கார்புரேட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அதில் ஒரு பழுதும் இல்லை.