காத்திருக்கக்கூடியவர்

ஹூக்ளி ஆற்றுத் துறைமுகம் ஒன்றில் கப்பல்களுக்கு நிறுத்துமிடமும் நேரமும் ஒதுக்குவது என் பணி. ஆழமாக மிதக்கும் கப்பல்கள் ஓதம் ஏறும்போதே மணல்திட்டுகளைக் கடக்க இயலும். தவறினால் அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிகும், அரைநிலவில் குறையும். ஆகவே ஹிஜ்ரி நாட்காட்டி எப்போதும் என் மேசையில் இருக்கும்.

ஓதத்தை எதிர்பாராத சிறு கப்பல்கள் எந்நேரமும் வரலாம். நெருக்கடியில் அவற்றையே பின்னுக்குத் தள்ளுவோம். காத்திருக்கக்கூடியவரைத் தள்ளிவைப்பதே எங்கள் கணக்கு.

சென்ற ரமலானில் ஒருநாள், கனத்த கப்பலொன்றைக் கரைசேர்த்தபின் கைபேசியைப் பார்த்தேன். காயல்பட்டினத்திலிருந்து உம்மா மூன்று முறை அழைத்திருந்தார். ஒரு வாரமாக நான் பேசவில்லை.

“கப்பலுக்கெல்லாம் நேரம் குறிக்கிறியே வாப்பா, எனக்கும் ஒரு நேரம் குறியேன்” என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் என்னைச் சுட்டது. உம்மா பொறுத்துக்கொள்வார் என்பதாலேயே அவரைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஓதத்தின் நேரத்தை ஓராண்டு முன்பே கணித்து அச்சிடுகிறார்கள். உம்மாவின் தவணையையோ அல்லாஹ் ஒருவனே அறிவான்.

இப்போது அஸர் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் உம்மாவுக்கு. எந்தக் கப்பலுக்காகவும் அதை நான் மாற்றுவதில்லை.