நான் மாட்டாமல் விட்ட சுவிட்ச்

அப்பாவின் பத்மினி காரில் பெட்ரோல் பம்பை மாற்றியது நான்தான். அந்த வேலையில் தெரிந்தே ஒரு குறை வைத்தேன். குறை வெளிப்பட்ட அன்று பழியை இன்னொருவர் தலையில் போட்டேன். ஒன்றரை வருடமாக இது உள்ளேயே கிடந்து உறுத்துகிறது.

அந்த 1089 சிசி இன்ஜினோடு ஒட்டியே பழைய பம்ப் இருக்கும். கேம் ஷாஃப்ட் சுற்றும்போது உள்ளே ரப்பர் டயஃப்ரம் ஏறி இறங்கி, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். வெயிலில் மலை ஏறினால் பம்ப் கொதித்து, உறிஞ்சுகிற குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். கொடைக்கானல் மலைப்பாதையில் அப்படி நின்றபோது, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அம்மா துண்டை நனைத்துத் தந்தாள். அதைப் பம்பின் மேல் போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டயஃப்ரமும் இரண்டு முறை கிழிந்தது. கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்தாலே தெரிந்துவிடும். எலக்ட்ரிக் பம்பை டேங்க் பக்கத்தில் வைத்தால் சூடு இல்லை, பெட்ரோலை உறிஞ்சாமல் தள்ளும். மாற்றியதில் தப்பே இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

பம்ப் வாங்கித் தந்த மெக்கானிக் அண்ணன் தெளிவாகச் சொன்னார். "தம்பி, பழைய பம்பு இன்ஜின் நின்னா தானா நின்னுரும். இது நிக்காது. சாவி ஆன்ல இருக்க வரைக்கும் தள்ளிக்கிட்டே இருக்கும். ஆயில் பிரஷர் சுவிட்சு, ரிலே போட்டுத்தான் ஓட்டணும். மூணு பவுண்டுக்கு மேல போகாம ரெகுலேட்டரும் வச்சிரு."

ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். சுவிட்சும் இல்லை, ரிலேயும் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை. சாவியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்தேன். அன்று சாயங்காலமே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். வண்டி நன்றாக ஓடியது. அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன், பார்க்கவில்லை. காலையில் பானெட்டைத் திறந்தால் லேசாகப் பெட்ரோல் வாடை வரும். அதையும் மோந்துவிட்டு மூடினேன்.

நான்காவது மாதம் தங்கை குடும்பம் வண்டியைக் கேட்டது. கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயில்வே கேட்டில் மாப்பிள்ளை இன்ஜினை நிறுத்தியிருக்கிறார். குழந்தைக்குக் காற்று வேண்டுமே என்று டாஷ்போர்டு ஃபேனுக்காகச் சாவியைத் திரும்ப ஆன் செய்து வைத்திருக்கிறார். பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கார்புரேட்டரின் ஊசி வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. நிரம்பி, சூடான இன்ஜின் மேல் வழிந்து, சாலையில் சொட்டியது. பக்கத்தில் பைக்கில் இருந்தவர் பார்த்துவிட்டு "சாவிய அணைங்க, பிள்ளைய இறக்குங்க" என்று கத்தியிருக்கிறார். பின்சீட்டில் தங்கையின் மடியில் மூன்று வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

போனில் மாப்பிள்ளை கேட்டார், "என்ன மச்சான், யார் பார்த்த வேலை இது?" நான் அந்த மெக்கானிக்கின் பெயரைச் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, அப்படியே வாயில் வந்துவிட்டது. மாப்பிள்ளை அவர் கடைக்கே போய், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவரிடம் போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய உள்ள விடு" என்றார், அவ்வளவுதான். இப்போது சுவிட்ச், ரிலே, ரெகுலேட்டர், ஃபியூஸ் எல்லாம் இருக்கின்றன. செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடும். அதன்பிறகு ஆயில் பிரஷர் இருந்தால்தான் ஓடும். இன்ஜினை அணைத்துச் சாவியை ஆன் செய்தால் சிவப்பு ஆயில் லைட் மட்டும் எரிகிறது. பின்னாலிருந்து சத்தமே இல்லை.

தங்கை இன்னும் அந்த வண்டியில் ஏறுவதில்லை. அந்த அண்ணன் கடையைத் தாண்டும்போது மாப்பிள்ளை இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இது அச்சாகி அவர்கள் கைக்குப் போவதற்குள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயாக வேண்டும்.