காரும் போனும் பேசிக்கணும்

உங்க வீட்டுல பத்து வருஷத்துக்கு மேல ஓடுற கார் இருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான். இன்ஜின் நல்லா இருக்கும், ஏசி நல்லா குளிரும். ஆனா புது போன் வாங்கின அன்னைக்கு டேஷ்போர்டுல இருக்கிற ஸ்டீரியோ மட்டும் ஒரே நாள்ல கிழடாயிடும்.

எங்க ஊரு பெருமாநல்லூர். அப்பா சின்னதா ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்காரு. கட்டிங் பீஸ் எடுக்கவும் தைச்சதைக் கொடுக்கவும் தினமும் திருப்பூர் போய்ட்டு வரணும். வழி முழுக்க போன்தான். "செக்கிங் முடிஞ்சுதா? வண்டி கிளம்பிடுச்சா?" இதுக்கெல்லாம் உடனே பதில் சொல்லலைன்னா அடுத்த ஆர்டர் வேற யூனிட்டுக்குப் போயிடும். கார் 2011 மாடல். கூடவே வந்த ஸ்டீரியோவுல ப்ளூடூத், யூஎஸ்பி, ஆக்ஸ் மூணும் இருக்கு. புது போன் வந்ததும் மூணுமே முரண்டு பிடிச்சுது. அப்பா ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில போன்னு ஓட்ட ஆரம்பிச்சாரு. கன்டெய்னர் லாரி போற ரோடு அது. போனைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுறதை 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதல்னே சொல்லுது. அம்மாவுக்கு சட்டத்தை விட லாரிதான் பயம்.

கடையில கேட்டா, "பழசைக் கழட்டிட்டு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டுடலாம், பதினெட்டாயிரம் ஆகும்"னு சொன்னாங்க. அப்பா ஒரே வார்த்தையில முடிச்சாரு: "காரும் ஓடுது, போனும் பேசுது. அப்புறம் எதுக்கு சாமி மாத்தோணும்?"

அவர் சொன்னது சரிதான். எப்படின்னு சொல்றேன்.

நாம ப்ளூடூத்ன்னு ஒரே பேர்ல சொன்னாலும் அதுக்குள்ள பல வேலைகள் தனித்தனியா இருக்கு. கால் பேச ஹெச்எஃப்பி, பாட்டுக்கு ஏ2டிபி, பாட்டு மாத்தவும் பாட்டுப் பேர் காட்டவும் ஏவிஆர்சிபி, போன்ல இருக்கிற பேர்களைக் காருக்கு அனுப்ப பிபிஏபி. இதுக்கெல்லாம் புரொஃபைல்னு பேரு. காரும் போனும் இணையும்போது "உனக்கு எது எது தெரியும்?"னு முதல்ல விசாரிச்சுக்கும். ரெண்டுக்கும் தெரிஞ்சதை வச்சுத்தான் பேச்சு. போன் டப்பா மேல 5.3-ன்னு போட்டிருந்தாலும் பழைய 2.1 காரோட அது பேச முடியுறது இதனாலதான். பாட்டுலயும் அப்படித்தான். எத்தனை உசத்தியான கோடெக் போன்ல இருந்தாலும், ஏ2டிபி இருக்கிற எல்லாக் கருவியும் எஸ்பிசின்னு ஒரு எளிய கோடெக்கைக் கட்டாயம் வச்சிருக்கணும். வேற எதுவும் ஒத்து வரலைன்னா அதுல பாடும்.

சரி, அப்போ எங்கே சிக்குது? நான் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் காருக்குள்ள உக்காந்து பார்த்ததை வரிசையா சொல்றேன்.

முதல்ல, காரோட நினைவுல இருக்கிற பழைய போன்களை அழிங்க. பழைய ஸ்டீரியோ நாலஞ்சு போனைத்தான் ஞாபகம் வச்சுக்கும். எங்க கார்ல, எப்பவோ வித்துட்ட போன் எல்லாம் இன்னும் இடத்தைப் பிடிச்சு உக்காந்திருந்துச்சு. அழிச்சதும் புது போன் சேர்ந்துடுச்சு. நாலு இலக்க எண் கேட்டா 0000 இல்லைன்னா 1234 போட்டுப் பாருங்க.

கால் வருது, பேர் வரலையா? போன்ல அந்தக் கார் பேருக்குள்ள போய் கான்டாக்ட் பகிர அனுமதி கொடுங்க. கால், மீடியா ரெண்டு பட்டனும் ஆன்ல இருக்கான்னும் அங்கேயே பார்த்துக்கங்க. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் மீடியா வழியாத்தான் போகும், அதனால அது முக்கியம்.

பாட்டு ஓடுது, பேர் வரலை, ஸ்டியரிங் பட்டன் வேலை செய்யலைன்னா ஏவிஆர்சிபி பதிப்பு ஒத்துப் போகலைன்னு அர்த்தம். ஆண்ட்ராய்டுல பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதுல பதிப்பை 1.4 இல்லைன்னா 1.3-க்கு இறக்கிட்டு, மறுபடி முதல்ல இருந்து இணைங்க.

வயர் குத்தினா சார்ஜ் மட்டும் ஏறுதா? பழைய கார் பென் டிரைவைத் தேடுது. ஆண்ட்ராய்டு 4 காலத்துல இருந்து போன்கள் தன்னை எம்டிபி கருவியாத்தான் காட்டிக்குது. அதுல மல்லுக்கட்டாதீங்க. 32 ஜிபி பென் டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி, எம்பி3 பாட்டு மட்டும் போட்டுக் குத்திடுங்க.

கடைசியா ஆக்ஸ். போன்ல அந்த ஓட்டை இல்லைன்னா, டைப்-சி-யில இருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாத்துற சின்ன வயர் போதும்.

எல்லாம் முடிச்சப்போ செலவு பென் டிரைவும் வயரும்தான். குரல் பழைய லேண்ட்லைன் மாதிரிதான் இருக்கும். ஏன்னா அகலமான குரல் வசதி 2011-ல வந்த ஹெச்எஃப்பி 1.6-லதான் சேர்ந்துச்சு, எங்க கார் அதுக்கு முந்தினது. ஆனா பேச்சு புரியுது, அப்பா ரெண்டு கையாலயும் ஓட்டுறாரு. நீளமான கணக்கு வழக்குன்னா ஓரமா நிறுத்திட்டுப் பேசணும்னு ஒரு ஒப்பந்தமும் போட்டிருக்கோம். கை காலியா இருந்தா மட்டும் கவனம் ரோட்டுல இருக்கும்னு சொல்ல முடியாதே!

இதுல என்னை யோசிக்க வச்சது வேற ஒண்ணு. இதே காலத்துல மிரர்லிங்க்னு ஒரு பெரிய வசதி வந்துச்சு, போன் திரையையே காருக்குள்ள கொண்டு வர்றது. 2020-ல சாம்சங் அதை நிறுத்திடுச்சு. அந்த வசதியை நம்பி வாங்கின கார்கள் இன்னும் ரோட்டுல ஓடுது, அந்தத் திரைதான் சும்மா கிடக்குது. சாதாரண ஹெச்எஃப்பியும் ஒரு சின்ன ஆக்ஸ் ஓட்டையும் இன்னைக்கும் வேலை செய்யுது.

எங்க யூனிட்டுல என்னை விட வயசான ஓவர்லாக் மெஷின் ஒண்ணு இருக்கு. ஊசியும் லூப்பரும் இன்னும் கடையில கிடைக்கிறதால அது இன்னும் தைக்குது. காருக்குப் பதினஞ்சு வருஷ ஆயுசு, போனுக்கு மூணு வருஷம். நடுவுல இருக்கிற பொது ஒப்பந்தத்தைக் காப்பாத்துறவங்களாலதான் ரெண்டும் சேர்ந்து ஓடுது. அடுத்த வருஷம் நம்மில பல பேர் ஏதோ ஒரு கம்பெனியில புதுசா எதையாவது எழுதிக்கிட்டு இருப்போம். "பழைய வெர்ஷனுக்கு சப்போர்ட் வேண்டாம், எடுத்துடலாம்"னு மீட்டிங்ல யாராவது சொல்லுவாங்க. அந்தப் பழைய வெர்ஷனை எந்த ரோட்டுல யாரு ஓட்டிக்கிட்டு இருக்காங்கன்னு ஒரு தடவை கேட்டுடுங்க.

ப்ளூடூத்லயும் எல்இ ஆடியோன்னு புதுசு வந்தாச்சு. பழைய முறை எத்தனை வருஷம் கூட வரும்னு பார்க்கலாம். அதுவரைக்கும் அந்த ஆக்ஸ் வயரைத் தூக்கிப் போட்டுடாதீங்க.