வேலியா? வினையா?

“ஆயுதம் வைத்திருப்பவன் வீரன்” என்பார் சிலர். “ஆயுதம் இருக்கும் வீட்டில் ஆபத்தும் இருக்கும்” என்பார் வேறு சிலர். இவ்விரண்டில் எது சரி? சவ்வாது மலையில் பிறந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் நாங்கள் நால்வரும் இக்கேள்விக்கு எங்கள் ஊரிலேயே விடை தேட நேர்ந்தது.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் காட்டோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சாமைதான் எங்கள் சோறு. கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு புகுந்தால் போதும், ஆண்டு முழுவதும் பட்ட பாடு மண்ணாகிவிடும். ஆகவே பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். துணைக்கு நாட்டுத் துப்பாக்கி. அதன் குழல் வாயில் மருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். நாங்கள் “தாத்தா” என்றழைக்கும் பெரியவரிடமும் ஒன்று இருந்தது. “இது துப்பாக்கி இல்லே கண்ணு, வேலி” என்பார் அவர்.

ஒரு காலாண்டு விடுமுறை. நள்ளிரவில் வெடிச் சத்தம்; பின்னாலேயே மனிதக் குரல்! சாமைக் கொல்லையில் அசைந்தது பன்றியென்று யாரோ சுட்டுவிட்டார்கள். அடிபட்டது எங்களுள் ஒருத்தியின் அண்ணன். டோலி கட்டி இருட்டில் தூக்கிச் சென்றார்கள். உயிர் பிழைத்தது; ஆனால் அந்தக் கால் இன்றும் தரையில் சரியாக ஊன்றாது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதானோ!

விடுமுறை முடிந்து வந்ததும் சமூக அறிவியல் வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டோம். எத்தனை செய்திகள் சொன்னார்கள்! ஆங்கிலேயர் 1878ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து, உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்தார்கள். சுதந்திர இந்தியாவின் சட்டம் 1959ஆம் ஆண்டினது. அதிலும் உரிமம் கட்டாயம். ஆயினும் குடகு மக்களுக்குத் துப்பாக்கி குலமரபு. பூசையில் வைத்து வணங்குவார்கள். அவர்களுக்கு 2029 வரை உரிம விலக்கு உண்டு.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது 1791 முதல் அரசியலமைப்பு தரும் உரிமை. அங்கே மக்களைவிடத் துப்பாக்கிகள் அதிகமாம்! ஜப்பானிலோ வேட்டைத் துப்பாக்கி வாங்கவும் தேர்வு எழுத வேண்டும், மருத்துவச் சான்று தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1996இல் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். உடனே சட்டம் கடுமையாயிற்று. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து அரசு விலைக்கு வாங்கி அழித்தது. ஒரே இரும்பு, ஒரு நாட்டுக்கு உரிமை, மற்றொன்றுக்கு மரபு, வேறொன்றுக்கு அச்சம்!

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது காவல் துறையின் அறிவிப்பு வந்திருந்தது. உரிமமில்லாத துப்பாக்கிகளைக் குறித்த நாளுக்குள் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை. புளியமரத்தடியில் கூடிய பெரியவர்கள் எங்களைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்து முடித்ததும் தாத்தா, “படிச்ச புள்ளைங்க நீங்க, என்ன சொல்றீங்க?” என்றார்.

ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் எங்கள் நாவில் வரவில்லை. அண்ணனை இழக்கவிருந்த தோழி மட்டும் மெல்லச் சொன்னாள்: “பன்னி தின்ன சாமை அடுத்த வருசம் மொளைக்கும் தாத்தா. அண்ணன் காலு மொளைக்குமா?”

தாத்தா பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு நடந்தார்.

அவ்வாண்டும் பன்றிகள் வந்தன, உண்மையை மறைப்பானேன்? தகரம் தட்டினோம், தீ மூட்டினோம், முறை போட்டு விழித்திருந்தோம். தாத்தாவின் கொல்லையில் பாதி போயிற்று. வனத்துறைக்கு இழப்பீட்டு மனுவை நாங்களே எழுதிக் கொடுத்தோம். துப்பாக்கியைக் கேட்கும் அரசு, பயிருக்கு வேறு வேலியும் தர வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

ஆயினும் அந்த ஆண்டு இரவுகளில் தகரச் சத்தம் கேட்டபோதெல்லாம் எங்கள் அம்மாக்கள் பதறி எழவில்லை. பாதிச் சாமைக்கு இந்த நிம்மதி ஈடாகுமா? ஆகும் என்கிறோம் நாங்கள். வாசகர்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— பத்தாம் வகுப்பு மாணவி