வழி எங்கே?

நிறைவிழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, பழைய மாணவர் பலரையும் போலவே யானும் விளையாட்டுத் திடலையும் விடுதி வாழ்க்கையையும் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். அவற்றை என்னினும் நயம்பட எழுதவல்ல அன்பர் பலர் உளர். ஆதலின், கல்லூரியை விட்டு நீங்கி நெடுங்காலஞ் சென்றபின், அதே கல்லூரியின் நூல்நிலையத்தில் யான் இழைத்த தவறொன்றினையும், அதனைத் திருத்தப் புகுந்து கற்ற பாடத்தினையும் ஈண்டு எழுதத் துணிந்தேன். பெருமை பேசும் மலரிற் பிழை பேசுதல் பொருந்துமோ என எவரும் ஐயுற வேண்டா. பிழையைத் திருத்தக் கற்பித்ததும் இக்கல்லூரியே அன்றோ?

எமக்குக் கணிதங் கற்பித்த ஆசான் ஒருவரை என் வகுப்புத் தோழர் எவரும் மறந்திரார். ஒருநாள் அட்சரகணிதப் பயிற்சியொன்றிற்கு, அயலிலிருந்தவனின் கொப்பியிற் கண்ட விடையை மட்டும் எழுதி அவர் முன் நீட்டினேன். கண்ணாடிக்கு மேலாக என்னை நோக்கி, "விடை சரி, தம்பி. வழி எங்கே?" என்று கேட்டார். பின் ஒன்றுங் கூறாது பூச்சியம் இட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தார். அவ்வினா எத்துணை ஆழமுடையது என்பதை உணர எனக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

2023 ஆம் ஆண்டில், கொழும்பிலே பணியினின்றும் ஓய்வு பெற்றிருந்த என்னை, நூல்நிலையத்தின் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டனர். பட்டியல் முழுவதும் அட்டைகளில் இருந்தது. விலைகொடுத்து மென்பொருள் வாங்கப் பணமில்லை. ஆயினும் அது குறையாகத் தோன்றவில்லை. விலையின்றிக் கிடைப்பதும், அகமும் புறமும் திறந்து காட்டப்படுவதுமாகிய மென்பொருள் உலகிலே உண்டென்பதை யான் அறிந்திருந்தேன்.

இளைய மாணவர் பொருட்டு அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் நன்று. கணினியை இயக்கும் நிரல்களை எவரும் பயன்படுத்தவும், படித்தறியவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் எனக் கருதிய ரிச்சட் ஸ்ரோல்மன் என்னும் அமெரிக்கர், 1983 ஆம் ஆண்டில் 'க்னூ' என்னுந் திட்டத்தை அறிவித்தார். 1991 இல், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் என்பவர், இயங்குதளமொன்றின் கருவை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். இவ்விரண்டையும் இணைத்து, எவரும் தம் கணினியில் நிறுவத்தக்க முழுத் தொகுதியாகத் தர முனைந்தோர் பலர். அவருள் ஒருவரான இயன் மேர்டொக் என்பவர் 1993 இல் தொடங்கியது 'டெபியன்'. இன்றும் தொண்டர்களே அதனைப் பேணி வருகின்றனர். நூல்நிலையங்களுக்கான 'கோஹா' என்னும் மென்பொருளும் இவ்வகையினதே. அது நியூசீலந்திலே 1999 இல் உருவாகி, அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் பயன்பாட்டுக்கு வந்தது. அந்நாட்டு மவோரி மக்களின் மொழியிலே 'கோஹா' என்னுஞ் சொல் கொடையைக் குறிக்கும். கொடையாக வந்த மென்பொருளைக் கொடையாக வந்த கணினியொன்றில் நிறுவப் புகுந்தேன்.

டெபியன் தடையின்றி ஏறிற்று. கோஹாவை நிறுவ முற்பட்டபொழுது கணினி மறுத்தது. களஞ்சியத்தின் ஒப்பத்தைச் சரிபார்ப்பதற்குரிய திறவுகோல் தன்னிடம் இல்லை எனத் திரையில் எழுதிக் காட்டிற்று. இதன் கருத்தை விளக்குதல் வேண்டும். லினக்ஸ் உலகில் மென்பொருள்கள் 'பொதி'களாகக் கட்டப்பட்டுக் களஞ்சியங்களில் வைக்கப்பட்டிருக்கும். களஞ்சியத்தார் பொதிகளின் பட்டியலுக்குத் தமது இரகசியத் திறவுகோலால் மின்னொப்பம் இடுவர். அதற்கு இணையான பொதுத் திறவுகோல் எமது கணினியில் இருப்பின், ஒப்பம் மெய்யானதா என்பதை அது கண்டுகொள்ளும். பட்டியலிலே ஒவ்வொரு பொதிக்கும் உரிய கணிப்பெண் இருத்தலால், இடைவழியில் எவரேனும் பொதியில் ஓரெழுத்தை மாற்றினும் வெளிப்பட்டுவிடும். ஆகவே, கணினி மறுத்தது பழுதினால் அன்று. அறிமுகமில்லாதவரிடம் பொதி வாங்கேன் என்று அது கூறியது, நல்ல காவலாளன் கூறும் மொழியேயாம்.

யான் செய்யவேண்டியிருந்தது, களஞ்சியத்தாரின் பொதுத் திறவுகோலைப் பெற்று, அது அவருடையதே என உறுதிசெய்து, உரிய இடத்தில் வைப்பதொன்றே. அரைமணி நேர வேலை. ஆனால் அன்று மாலை கொழும்புக்குப் பேருந்து ஏறவேண்டியிருந்தது. எங்கோ கண்ட குறுக்குவழியொன்று நினைவுக்கு வந்தது. களஞ்சியத்தின் முகவரிக்கு அருகில் 'நம்பத்தக்கது' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், கணினி ஒப்பத்தைப் பாராது பொதியை ஏற்கும். அச்சொல்லைச் சேர்த்தேன், கோஹா ஏறிற்று. விடை சரி.

அம்மட்டோடு நில்லாது, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பிலிருந்தே கணினியைப் பராமரிக்கும் பொருட்டு, வெளியிலிருந்து நுழைவதற்கு வாயிலொன்றையும் திறந்து வைத்தேன். பயனர் பெயர் கல்லூரியின் பெயர். கடவுச்சொல் அதே பெயரும் கல்லூரி தோன்றிய ஆண்டும். எவரும் மறக்கமாட்டார் என்று மகிழ்ந்தேன். எவரும் ஊகிப்பர் என்று எண்ணினேனல்லேன்.

நூல்நிலையப் பொறுப்பாசிரியையும் மாணவர் இருவரும் நாடோறும் பாடசாலை விட்டபின் அமர்ந்து அட்டைகளைப் பதிவுசெய்தனர். சில வாரங்கள் சென்றபின் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, கணினி இரவும் பகலும் இரைகிறது. ஒரு நூலைத் தேடினால் விடை வர நெடுநேரமாகிறது" என்றார். அன்றிரவே பேருந்தேறினேன்.

வந்து பார்த்தபொழுது, யாம் நிறுவாத நிரலொன்று கணினியின் வலு முழுவதையும் உண்டுகொண்டிருந்தது. யாரோ ஒருவர் நலத்துக்காக அது மின்னாணயம் தோண்டிக்கொண்டிருந்தது. நுழைவுப் பதிவேட்டைத் திறந்தேன். திறந்த வாயிலிலே பல்லாயிரந் தடவை தவறான கடவுச்சொற்கள் முயலப்பட்டிருந்தன. இவை மனிதர் அமர்ந்து தட்டியவை அல்ல. இணையத்திலுள்ள ஒவ்வொரு முகவரியையும் ஓயாது தட்டிப் பார்க்கும் நிரல்களின் வேலை. இறுதியில் ஒரு வரி, கடவுச்சொல் ஏற்கப்பட்டது எனக் கூறிற்று. கதவை உடைத்து எவரும் வரவில்லை. யான் வாயிற்படியில் வைத்துச் சென்ற சாவியை எடுத்தே உள்ளே வந்தனர்.

பதற்றத்தில் இரண்டாவது தவறைச் செய்தேன். அந்நியர் புகுந்த கணினியில் எந்நிரலையும் நம்பலாகாது. அதனைத் துடைத்துப் புதிதாக நிறுவுவதே முறை. அதில் ஐயமில்லை. ஆனால் துடைக்குமுன் இணைய வடத்தைக் கழற்றி, நூற்பதிவுகளை வேறாகப் படியெடுத்துச் சோதித்து வைத்திருத்தல் வேண்டும். யானோ, அழுக்கை உடனே அகற்றும் வேகத்தில் வன்றட்டு முழுவதையும் அழித்துவிட்டேன். வெளித்தட்டிலே படி இருக்கிறதென்பது என் துணிவு. எடுத்துப் பார்த்தால் அப்படி மூன்று வாரம் பழையது. இடைக்காலத்திற் பதிந்த 600 க்கு மேற்பட்ட நூல்களின் பதிவு போயிற்று.

மறுநாள் பிற்பகல் ஆசிரியை முன்னும் மாணவர் முன்னும் நின்று நடந்ததைக் கூறினேன். பகைவரின் சூழ்ச்சி என்று கூறியிருப்பின் நம்பியிருப்பர். ஆயினும் பதிவேட்டின் அவ்வரி என் கண்முன் நின்றது. "தவறு என்னுடையது" என்றேன். ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. பின், மூலையிலிருந்த பெட்டியைக் காட்டி, "நல்லவேளை, அட்டைகளை எறியவில்லை" என்றார். மாணவருள் இளையவன் ஒன்றுங் கூறாது பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தான். அவ்வொலியை இன்றும் மறந்தேனல்லேன்.

இம்முறை வழியைக் காட்டியே விடையெழுதினேன். டெபியன் தொகுதியை இறக்கியவுடன், வெளியிட்டோர் அறிவித்த கணிப்பெண்ணோடு அதனை ஒப்பிட்டேன். 2016 ஆம் ஆண்டு பெப்ரவரியில், 'லினக்ஸ் மின்ற்' என்னும் மற்றொரு தொகுதியின் இணையத்தளத்தில் விஷமிகள் புகுந்து, இரகசிய வாயிலமைந்த போலித் தொகுதியை மக்கள் இறக்கும்படி செய்தனர். மெய்யான கணிப்பெண்ணோடு ஒப்பிட்டவர் தப்பினர். பின்பு கோஹாவின் திறவுகோலைப் பெற்று உரிய இடத்தில் வைத்தேன். வெளிவாயிலிற் கடவுச்சொல்லை அறவே நீக்கி, திறவுகோற் கோப்பு உடையார் மட்டும் நுழைய வைத்தேன். வேண்டாத வாயில்களை அடைத்தேன். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறும்படி செய்தேன். நாடோறும் எடுக்கும் படி வேறொரு தட்டிலும், வாரந்தோறும் எடுக்கும் படி வேறொரு கட்டடத்திலும் இருக்க ஏற்பாடாயிற்று. படியிலிருந்து மீட்க இயலுமா என்பதையும் ஒருமுறை மீட்டே பார்த்தோம். மீட்டுப் பாராத படி, படியென்று எண்ணத்தக்கதன்று.

இரண்டாண்டுகள் சென்றன. 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14 ஆந் திகதியோடு 'விண்டோஸ் 10' இயங்குதளத்துக்கான பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்த தளத்துக்குப் போதுமான தகுதியில்லை என ஒதுக்கப்பட்ட கணினிகள் பன்னிரண்டைக் கடல் கடந்த பழைய மாணவர் சிலர் கல்லூரிக்கு அளித்தனர். டெபியனுக்கு அவை தாராளமாகப் போதும். பதினொன்றில் வேலை இனிது முடிந்தது. பன்னிரண்டாவது, களஞ்சியத்தின் பட்டியலைப் பெற மறுத்து, அப்பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றது.

சூழ நின்ற மாணவருள் ஒருவன், சரிபார்ப்பை நிறுத்தும் கட்டளையைத் தான் அறிவதாகக் கூறி விசைப்பலகையை அணுகினான். யான் வாய் திறக்குமுன், அன்று அட்டைப் பெட்டியைத் தூக்கி வைத்தவன், இப்பொழுது உயர்தர வகுப்பு மாணவன், அவன் கையைப் பற்றினான். "பொறு. அது சொல்வதை முதலில் முழுதும் வாசிப்போம்" என்றான்.

வாசித்தனர். பட்டியல் இன்னும் பல மாதங்களுக்குச் செல்லுபடியாகாது என்றிருந்தது. நேற்று ஒப்பமிட்ட பட்டியல் எங்ஙனம் வருங்காலத்துக்குரியதாகும்? "அப்படியானால் பட்டியலில் அன்று, எமது நாளிலே பிழை" என்றான் அவன். மணிப்பொறியைப் பார்த்தால் அது பல மாதம் பின்தங்கி நின்றது. பெட்டியைத் திறந்தனர். கணினி அணைந்திருக்கும்பொழுது காலத்தைக் காக்கும், நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலம் செத்திருந்தது. இணையத்திலிருந்து நேரத்தைக் கேட்டறியும் வழியோ கல்லூரி வலையமைப்பின் காவலில் அடைபட்டிருந்தது. நாளறியாத கணினி ஒப்பத்தின் நாளை எங்ஙனம் சோதிக்கும்? கடைத்தெருவில் மின்கலம் ஒன்று வாங்கிப் பொருத்தி, நாளைத் திருத்தினர். பொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. சரிபார்ப்பை நிறுத்தியிருப்பின் அன்றைய வேலை முடிந்திருக்கும். நோயோ உள்ளே இருந்திருக்கும்.

திறந்த மென்பொருள் ஆதலின் ஆபத்தில்லை என்று எவரும் மயங்கற்க. 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசெற்' என்னுஞ் சிறு கருவியின் புதிய பதிப்புகளில் இரகசிய வாயிலொன்று புதைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. புதைத்தவர் ஈராண்டுக்கு மேலாக நல்ல பணிகள் செய்து நம்பிக்கை தேடியவர். அதனைக் கண்டவர் அன்ட்ரெஸ் பிறொயின்ட் என்னும் மென்பொறியாளர். தொலைநுழைவு வழக்கத்திலும் ஏறத்தாழ அரை வினாடி தாமதித்தமை அவர் மனத்தை உறுத்திற்று. அவர் 'போகட்டும்' என்று விடாது காரணத்தைத் தேடிச் சென்றார். மூலநிரல் எவருக்கும் திறந்திருந்தமையால் தேட முடிந்தது. டெபியனின் நிலைபெற்ற பதிப்பை அக்கேடு எட்டுமுன் தடுக்கவும் முடிந்தது. திறந்திருத்தல் காவலன்று, காவல் செய்வார்க்கு அது வழிவிடும், அவ்வளவே.

எம் நாட்டவரும் இவ்வுலகுக்குக் கொடுத்தவரே. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிந்து உதவும் பொருட்டு இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'சகனா' என்னுந் திறந்த மென்பொருள், பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. பெற்றதைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தல் எமக்குப் புதிதன்று.

இன்று நூல்நிலையத்தின் பட்டியல் முழுமை பெற்றுள்ளது. பராமரிப்புத் திறவுகோல் அம்மாணவனிடமும் ஆசிரியையிடமும் இருக்கின்றது. என்னுடையதை யானே நீக்கிவிட்டேன். அடுத்த ஆண்டு அவன் கல்லூரியை விட்டுச் செல்வான். செல்லுமுன் கீழ்வகுப்பினர் இருவருக்குப் பழக்கிவிட வேண்டுமென்று, நேர்ந்த பழுதுகளையும் தீர்த்த முறைகளையும் ஒரு கொப்பியில் எழுதி வருகின்றான். சென்றமுறை வந்தபொழுது அதனைப் புரட்டினேன். முதற்பக்கத்தில், 2023 ஆம் ஆண்டின் என் தவறு, பெயர் குறியாது, படிப்படியாக எழுதப்பட்டிருந்தது. அதன்கீழ், அது எங்ஙனம் திருத்தப்பட்டது என்பதும் இருந்தது. ஆசான் இன்று இருந்து அக்கொப்பியைப் பார்த்திருப்பின், வழி எங்கே என்று கேட்டிரார்.

கல்லூரி அன்னை நீடூழி வாழ்க!